காவிரியில் போடச் சொன்ன கத்தி

அன்பு மகனுக்கு, அம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. ஸலாமுக்கு அடுத்தபடி உன் உடம்பு எப்படி, வேலை தேடிப் போன மெட்ராஸில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். அதற்கு இப்போது எனக்கு நிதானம் இல்லை. உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வழக்கம்போல நஸீமாவை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தின் கடைசியில், கல்யாணமாகாத உன் தங்கச்சி கையால் எழுதக்கூடாத சங்கதி ஒன்று வரும். அதனால் துறையூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்தக் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் கூட்டிப் படித்துக்கொள்.

என்ன எழுதியிருக்கிறாய் நீ? "மர்யம் உங்கள் கழுத்தில் கத்தி வைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் வந்து அவளை மெட்ராஸுக்கு அழைத்துப் போவதற்குள் அந்தக் கத்தியை எடுத்துக் காவிரியில் போட்டுவிடுங்கள். கேட்டால் காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள்." அடேயப்பா! என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. என் வாய்க்கு நேரே நீட்டினாள். இரண்டும் ஒன்றா? அப்புறம், இந்தப் பங்குனி வெயிலில் காவிரியில் எங்கேடா தண்ணீர் இருக்கிறது? பாலத்தில் நின்று வீசினால் மணலில்தான் விழும். எவனாவது பொறுக்கிக்கொண்டு வந்து உன் அத்தாவின் தோல் மண்டியிலேயே விலை பேசுவான். அதெல்லாம் போகட்டும். மருமகளின் பொருளைத் திருடி, ஆற்றில் வீசி, அவள் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொல் என்று பெற்ற தாய்க்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இது என் மகன் எழுத்துதானா என்று பழைய கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். உன் எழுத்துதான்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். உனக்குச் சேதி சொன்னது பெரியம்மா மகன், அவனுக்கு எழுதியது பெரியம்மா. அவர்கள் கண், காது, மூக்கு வைத்துச் சொன்னதை மறந்துவிடு. ஹஜ்ஜுப் பெருநாளில் நம் வீட்டுப் பாடு என்ன என்று உனக்கு மறந்திருக்காது. ஊருக்கெல்லாம் அது பெருநாள், தோல் மண்டிக்காரர் வீட்டுக்கு அது உப்பு நாள். வீட்டுக்கு வீடு குர்பானி கொடுத்த தோலெல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பொழுது சாய்வதற்குள் உப்புத் தடவி அடுக்காவிட்டால் அத்தனையும் அழுகிப்போகும். அதனால் உன் அத்தா தொழுதுவிட்டு வந்தார், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிடாயை அறுத்தார், கையைக் கழுவிக்கொண்டு மண்டிக்கு ஓடிவிட்டார். உரித்துத் துண்டு போட வருகிறேன் என்று சொல்லியிருந்த கறிக்கடை பாய் வரவே இல்லை. ஆள் அனுப்பினால், "இதோ வந்துட்டேன்னு சொல்லுங்க" என்று பதில் மட்டும் வருகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொல்லையில் கிடா கிடக்கிறது, ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. பெருநாள் பார்க்க வந்த பெரியம்மாவும் அவள் மருமகள்களும் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கறி கெட்டுப்போனால் ஏழைகளுக்கு என்ன கொடுப்பது, சொந்தக்காரர்களுக்கு என்ன அனுப்புவது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அப்போதுதான் உன் மனைவி மியாலி மாடிக்குப் போனாள். (நீ எழுதுகிற மர்யம் என்ற பெயரைவிட, அவளைப் பெற்றவர்கள் வைத்த மியாலிதான் என் வாயில் வருகிறது.)

திரும்பி வரும்போது பெருநாள் புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் அது இருந்தது. அந்த மாதிரி ஒரு கத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாதியாக மடித்த தோசை மாதிரி அரைவட்டமாக ஓர் இரும்புத் தகடு. வளைந்த பக்கம் முழுக்கக் கூர். முதுகின் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, அதன்மேல் குறுக்கே ஒரு கொம்புப் பிடி, பழசாகி மஞ்சளேறிப் போனது. "என்னம்மா இது?" என்று நான் கேட்பதற்குள் கிடாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டு மருமகள்! டாக்டர் சம்சாரம்! கை நிறைய மருதாணி! பெரியம்மா, "அல்லாவே, இது என்னா கூத்து! புடிங்கடி அவளை!" என்று எழுந்து நின்றுவிட்டாள். யார் போய்ப் பிடிப்பது? மியாலி கிடாயின் வயிற்றில் ஒரே ஒரு கோடு போட்டாள். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் அந்த வளைவை உள்ளே உருட்டி உருட்டித் தள்ளினாள். சட்டையைக் கழற்றுகிற மாதிரி தோல் கழன்று வந்தது. நஸீமா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் எப்படியோ சமாளித்திருப்பேன். வயிற்றைத் திறந்து ஈரலை எடுத்தாள். ஒரு துண்டு அறுத்தாள். அந்தத் துண்டைக் கத்தி மேலேயே ஏந்திக்கொண்டு எழுந்து நேராக என்னிடம் வந்தாள். மணிக்கட்டு வரைக்கும் ரத்தம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. கத்தியை என் வாய்க்கு நேரே நீட்டி, "மாமி, முதல் உங்களுக்கு" என்று தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள். நான் வீல் என்று கத்திப் பின்னால் போனேன், வாளி தட்டி விழுந்தேன். "கொல்ல வர்றா, கொல்ல வர்றா!" என்று பெரியம்மா தெருவுக்கே கேட்கும்படி கூப்பாடு போட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சாப்பிடத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எப்படி என்று செய்து காட்டினாள். துண்டின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு நுனியைக் கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைக் கீழிருந்து மேலாகக் கொண்டுவந்து, உதட்டை ஒட்டினாற்போல, மூக்கில் படாமல் சரக்கென்று அறுத்தாள். பச்சை ஈரல், மகனே! மென்று விழுங்கிவிட்டாள்! பெரியம்மாவின் சின்ன மருமகள் அங்கேயே வாந்தி எடுத்தாள். மியாலி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு போய்விட்டது. கத்தியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவ்வளவுதான் நடந்தது.

நஸீமா பின்னாலேயே போய் இங்கிலீஷில் கேட்டு வந்து சொன்னாள். அவர்கள் ஊரில் வேட்டையாடிக் கொண்டுவந்த உடனே ஈரலைச் சூடாகப் பச்சையாகச் சாப்பிடுவார்களாம். வீட்டில் மூத்தவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்களாம். எனக்கு மரியாதை செய்ய வந்த பிள்ளையைப் பார்த்து நான் கொலைகாரியைப் பார்த்த மாதிரி அலறியிருக்கிறேன். அந்த ஈரலை நான் பச்சையாகச் சாப்பிடவில்லை, சாப்பிடவும் என்னால் ஆகாது. மீதி ஈரலை மிளகு போட்டு வதக்கி மாடிக்கு எடுத்துப் போனேன். பாதி அவள் தின்றாள், பாதி நான் தின்றேன். பச்சையாகத் தின்றது ஹராமா என்ற பயம் எனக்கு இருந்தது. மறுநாள் அத்தாவைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொன்னேன். அவர், "ஈரல் ஹலால்தான். பச்சையாத் தின்னா வயிறு கெடலாம், ஈமான் கெடாது" என்று சிரித்தாராம். இதைப் பெரியம்மா எழுதியிருக்க மாட்டாள்.

உன் அத்தாவைப் பற்றி நீ கேட்கவே இல்லை. அன்று இருட்டுகிற நேரத்தில் உப்பும் வியர்வையுமாக வந்தார். மதரஸாவுக்குக் கொடுக்க மடித்து வைத்திருந்த தோலைப் பார்த்தார். அவர் கண் வேறெங்கே போகும்? விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உரிக்கும்போது கத்தி பட்டிருந்தால் அந்த இடம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும், உனக்குத் தெரியும். ஒரு கீறல் இல்லை. "யாரு உரிச்சது?" என்றார். "உங்க மருமவதாங்க" என்றேன். மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எம்மவன் இந்தத் தோலைத் தொடக்கூடாதுன்னு டாக்டருக்குப் படிக்க வச்சேன். அவன் சமுத்திரம் தாண்டிப் போயி, தோல் உரிக்கிறவளைத் தேடிக் கட்டிக்கிட்டு வந்திருக்கானே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தோலைப் பழையபடி மடித்து வைத்தார். "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தியை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அதில் முனையே இல்லை, மகனே. நம் வீட்டுக் கத்தி குத்தும், அதனால் குத்த முடியாது. முனை இல்லாததால்தான் தோலில் ஓட்டை விழவில்லை. பிடி கூருக்கு நேர் மேலே இருக்கிறது. உள்ளங்கையை வைத்து அமுக்கினால் கையின் கனம் முழுக்க வெட்டுகிற இடத்திலேயே இறங்குகிறது. நான் பிறந்ததிலிருந்து அரிவாள்மனையில் உட்கார்ந்தவள். நமக்குக் கத்தி அசையாது, காய்தான் கத்தியிடம் போகும். அவளுடையதில் காய் பலகையில் அப்படியே இருக்கிறது, கத்தி தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. வெங்காயம் பொடிப்பொடியாக விழுகிறது. மீன் செதிலைச் சுரண்டுகிறாள், அதே கத்தியால் மீனையும் துண்டு போடுகிறாள். அவர்கள் ஊரில் மிருகத்தோலின் உள்பக்கத்துக் கொழுப்பைச் சுரண்டி, காயவைத்து, உடுப்புக்கு அளந்து வெட்டுவதும் இதனால்தானாம். இங்கே என் ரவிக்கைத் துணியைத் தரையில் விரித்து, கத்தரிக்கோல் இல்லாமல் ஒரே உருட்டில் கைப்பகுதியை வெட்டிக் கொடுத்தாள். நஸீமா தன் முடி நுனியை அந்தக் கத்தியால் வெட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள், நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பெரிய வேலைக்குப் பெரியது, தையல் வேலைக்குச் சின்னது என்று ஒரு பெண்ணிடம் இரண்டு மூன்று இருக்குமாம். ஆம்பிளைகள் கத்தி வேறு, அது நம்முடையதைப் போல நீளமானதாம். இது பொம்பளைகளுக்கு மட்டும். "எஸ்கிமோ கத்தி" என்று நஸீமா தன் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். மியாலி தலையை ஆட்டி, "இல்லை. இனுயிட்" என்றாள். நீ எங்களுக்குக் கனடாப் பெண் என்று மட்டும்தான் எழுதினாய். கனடாவில் எந்த மூலை என்று எழுதவில்லை. பனிக்கட்டிக்கு நடுவில் பிறந்த பிள்ளையைத் திருச்சி வெயிலில் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் கத்தி அவள் அம்மாவுடையது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது டாக்டர்கள் கப்பலில் வந்து, ஊர் ஜனங்களை அதில் ஏற்றி நெஞ்சைப் படம் பிடித்தார்களாம். அம்மாவுக்கு டி.பி. என்று சொல்லி, கரையில் இறங்கவிடாமல் அதே கப்பலிலேயே தெற்கே கொண்டு போய்விட்டார்களாம். புறப்படும்போது அந்த அம்மாள் இடுப்பிலிருந்த கத்தியை யாரிடமோ கொடுத்தனுப்பி, "நான் வர்ற வரைக்கும் தம்பிக்கு நீ அறுத்துக் கொடு" என்று சொல்லியிருக்கிறாள். திரும்பி வரவே இல்லை. மவுத்தான சேதியே வெகு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்ததாம். எங்கே அடக்கினார்கள் என்று சொல்ல ஆளில்லை. அவர்கள் வழக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் கத்தியை அவளோடேயே வைப்பார்களாம். இவளுக்கு அம்மாவின் கபரே தெரியாது, எங்கே கொண்டு போய் வைப்பாள்? அந்தக் கபரைத் தேடித்தானே நீ கனடாவில் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள்? அங்கேதானே நீ அவளைப் பார்த்தாய்? இதை நஸீமா எனக்குச் சொல்லும்போது அந்தத் தாயை நினைத்து அழுதேன். நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைவிட அழுதேன். ஏனென்றால் எனக்குத் தெரியாதது எல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துமா காவிரியில் போடு என்று எழுதினாய்?

உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும்போது எனக்கு ஒரு பழைய நாள் நினைவு வந்தது. நீ எட்டாம் வகுப்பு. காலையில் நல்ல மழை. குடை இல்லாமல் போய்விட்டாய் என்று அத்தா மண்டியிலிருந்து அப்படியே குடையை எடுத்துக்கொண்டு உன் ஸ்கூலுக்கு ஓடினார். வகுப்பு வாசலில் போய் நின்றதும் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். நீ அந்தக் குடையைப் பிடிக்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாய். "அத்தா இனிமே ஸ்கூலுக்கு வரவேணாம்னு சொல்லுங்கம்மா" என்றாய். அடுத்த அறையில் அவர் இருந்தார் என்பது உனக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் நீ முதல் பரிசு வாங்கின அன்று, அவர் இரண்டு தடவை குளித்து, அத்தர் பூசி, கேட்டுக்கு எதிரே இருந்த சோடாக் கடையில் நின்றுகொண்டு, உன் பெயரைக் கூப்பிடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். அது பிள்ளைத்தனம், அதற்காக உன்னை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது நீ பிள்ளை இல்லை. உனக்குக் கத்தி மேல் கோபம் இல்லை, மகனே. மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் வீட்டு விருந்தில் யாராவது மூக்கைப் பொத்திக்கொள்வார்களோ என்ற அந்தப் பழைய பயம்தான் உனக்கு. அத்தாவை எதிர்க்கடையில் நிறுத்தின மாதிரி இவளையும் நிறுத்தப் பார்க்கிறாய். அவர் உன்னைப் பெற்றவர், பொறுத்துக்கொண்டார். கட்டிக்கொண்டு வந்தவள் எதற்குப் பொறுக்க வேண்டும்? உலகத்தில் உன்னை நம்பி ஒருத்தி இருக்கிறாள் என்றால், அவள் எதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாளோ அதோடுதான் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைத்தான் நான் உனக்குப் புத்தியாகச் சொல்ல நினைப்பது.

இனி அந்தச் சங்கதிக்கு வருகிறேன். மியாலி இங்கே வந்ததிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. மசாலா வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள் நான், எனக்கே அது தோன்றவில்லை பார். பெருநாளுக்குப் பிறகும் அவள் சோர்ந்து சோர்ந்து உட்கார்வதைப் பார்த்துவிட்டு, நஸீமா பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்த ஸ்ரீரங்கத்து டாக்டரம்மாவிடம் அவளை ஜட்காவில் அழைத்துப் போனேன். நஸீமா காலேஜுக்குப் போயிருந்தாள். காவிரிப் பாலத்தில் போகும்போது மணலைப் பார்த்துவிட்டு, "மாமி, தண்ணி எங்கே?" என்றாள். ஆடியில் வரும் என்று கையால் காட்டினேன். அவள் ஊரில் குளிர்காலம் முழுக்கக் கடல் உறைந்து கிடக்குமாம், அதன்மேலே நடந்துதான் போவார்களாம். இரண்டு விரலைத் தொடையில் நடக்கவிட்டுக் காட்டினாள். "கடல் மேலேயா?" என்று நான் கேட்ட கேள்வியில் ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா வீடு சித்திரை வீதியில். முட்டைகூடத் தொடாத குடும்பம். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பச்சை ஈரல் கதையை எப்படிச் சொல்வது? காதோடு காதாகச் சொன்னேன். அந்த அம்மாள் அசரவே இல்லை. கத்தியைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். "வளைஞ்ச கத்தின்னா என்ன? ஆபரேஷன் கத்தியும் வெட்டற இடத்துல வளைஞ்சுதான் இருக்கும். உங்க பிள்ளைக்குத் தெரியாதா?" என்றார். உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உங்காத்து நாட்டுப்பொண்ணு முழுகாம இருக்கா. மூணாவது மாசம். ஈரலைக் கேட்டது அவ நாக்கு இல்லை, அவ ரத்தம். ஆனா இனிமே நன்னா வேகவெச்சுக் குடுங்கோ" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் தலையைத் தடவினேன். அவளுக்கு அது புதுச் சேதி இல்லை. முன்னாலேயே தெரிந்திருக்கிறது. "ஆத்துக்காரருக்கு எழுதிட்டியோ?" என்று டாக்டரம்மா இங்கிலீஷில் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏதோ சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்க்காமலேயே அதைத் தமிழில் சொன்னார். "அவா ஊர்ல பொண்ணு பொறந்து கொஞ்சம் வளர்ந்தா, தாயார் சின்னதா ஒரு கத்தி குடுத்துப் பழக்குவாளாம். பம்பாய்ல கப்பலை விட்டு எறங்கறச்சே உங்க பிள்ளை, பெட்டிக்கு அடியில வெச்சுடு, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னாராம். பொறக்கறது பொண்ணா இருந்தா அதுகிட்டயும் அப்படித்தான் சொல்லுவாரோன்னு பயமா இருக்காம். அதான் சொல்லலைங்கறா."

திரும்பி வரும்போது ஜட்காவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்புள்ளை அப்படிப்பட்டவன் இல்லம்மா. அன்னைக்கு ஏதோ புது ஊருக்கு வர்ற பதட்டத்துல சொல்லியிருப்பான். அவன் மனசு எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது வெள்ளிக்கிழமை. நேற்று உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது அவள்தான் வாங்கினாள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் படிக்கிறவரைக்கும் எதிரிலேயே நின்றாள். "என்ன எழுதி இருக்காரு, மாமி?" என்றாள். "நல்லா இருக்கானாம். உன்னை விசாரிச்சிருக்கான்" என்று சொன்னேன். அவள் சந்தோஷமாக உள்ளே போனாள். அந்தக் கொம்புப் பிடிக் கத்தியால் அவள் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இந்தப் பக்கம் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ வா. மெட்ராஸ் வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, வா. வந்ததும் கூடத்தில் அத்தா பக்கத்தில் உட்கார். பெரியம்மாவையும் அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, "உன் கத்தியைக் கொண்டு வா, கறியை நீயே அறுத்துக் கொடு" என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் அறுத்துக் கொடுப்பதைச் சாப்பிடு. பெரியம்மா முகத்தைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். அவள் உன்னிடம் சேதியைச் சொன்னால், முதல் தடவை கேட்கிறவனைப் போலக் கேட்டுக்கொள். நான் எழுதினதாக மூச்சுக்கூட விடாதே. சொல்லவில்லை என்றால் ஏன் என்று அவளைக் கேட்காதே, உனக்கே தெரியும். அவளாக உன்னிடம் சொல்லுகிற வரைக்கும் உன்னோடு நான் அவளை மெட்ராஸுக்கு அனுப்புவதாக இல்லை.

துஆவுடன்,
உனக்காக ஒரு பொய் சொல்லிவிட்ட, இன்னொன்று சொல்லமாட்டாத
உன் அம்மா